ஐரீன்: சமாதானத்தின் பெயரைச் சுமந்த பெண்கள்

திருநெல்வேலி, தூத்துக்குடி, நாகர்கோவில் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பங்களில் ஐரீன் என்பது காதுக்கு மிகவும் பழகிய பெயர். ஆங்கிலத்தின் வழியாக நம்மிடம் வந்து சேர்ந்ததால் அதை ஆங்கிலப் பெயர் என்றே பலரும் எண்ணுகிறார்கள். அது கிரேக்கப் பெயர். அமைதி, சமாதானம் என்பது அதன் பொருள். குழந்தைப் பெயர்களுக்குப் பொருள் சொல்லும் கையேடுகள் இந்த ஒற்றைச் சொல்லோடு நின்றுவிடுகின்றன. ஆனால் இந்தப் பெயரைத் தாங்கிய பெண்களைப் பற்றித் தேடிப் படிக்கப் படிக்க, இதைத் தம் மகளுக்கு வைத்தவர்களும், பிறர் வீட்டிலிருந்து வந்த பெண்ணுக்குச் சூட்டியவர்களும் பெரும்பாலும் அமைதி கைகூடாத காலத்தில் வாழ்ந்தவர்கள் என்பது எனக்குத் தெளிவாயிற்று. ஆகவே இந்தப் பெயரை ஒரு வேண்டுதலாகவே நான் படிக்கிறேன்.

பழைய ஏதென்ஸ் நகரத்தார் இதை ஏறக்குறைய ‘ஏரேனே’ என்று ஒலித்தார்கள். டோரியக் கிரேக்கர்களின் வழக்கில் அது ‘இரானா’. இன்றைய கிரேக்கர்கள் ‘இரினி’ என்கிறார்கள். கோத்தல், இணைத்தல் என்று பொருள்படும் ஒரு கிரேக்க வினையிலிருந்து இச்சொல் பிறந்தது என்று சொன்னவர்கள் உண்டு. வட்டாரத்துக்கு வட்டாரம் இதன் உயிரொலிகள் ஒழுங்கில்லாமல் மாறுவதைக் காட்டி, கிரேக்க மொழி அந்நிலத்துக்கு வருவதற்கு முன்பே அங்கு வழங்கிய ஏதோ ஒரு மொழியின் சொல் இது என்று பேக்கஸ் போன்ற சொற்பிறப்பியல் அறிஞர்கள் கருதினார்கள். எனக்கும் இரண்டாவது கருத்தே பொருத்தமாகப் படுகிறது. போரை நிறுத்த இரு நகரங்கள் செய்துகொள்ளும் உடன்படிக்கைக்குக் கிரேக்கத்தில் வேறு சொல் இருந்தது. கடவுளருக்கு மது வார்த்துச் சத்தியம் செய்ததால் அதை ‘ஸ்பொந்தாய்’ என்றார்கள். ஏரேனே என்பது உடன்படிக்கைக்குப் பிறகு ஊரில் நிலவும் வாழ்வைக் குறித்தது.

கி.மு. 700 அளவில் பாடிய கிரேக்கக் கவிஞர் ஹெசியட், ஏரேனேயை ஒரு தேவியாக்கி, தலைமைக் கடவுள் சேயுசுக்கும் தெமிஸ் என்ற தேவிக்கும் பிறந்த மூன்று சகோதரிகளில் ஒருத்தியாகக் காட்டுகிறார். மற்ற இருவர் நல்லொழுங்கும் நீதியும். மூவரையும் சேர்த்துப் பருவங்களின் தேவியர் என்றார்கள். மனிதரின் வேலைகளைக் கண்காணிப்பது அவர்கள் பொறுப்பு. மூவரில் அமைதிக்கு மட்டும் ‘தழைத்திருப்பவள்’ என்ற அடைமொழியைத் தருகிறார் அந்தக் கவிஞர். உழவைப் பற்றிய தம் இன்னொரு பாட்டில், நீதி வழுவாத ஊரைச் சொல்லும்போது ‘பிள்ளைகளை வளர்ப்பவளாகிய அமைதி அந்நிலத்தில் இருக்கிறாள்’ என்கிறார். விளைச்சலையும் பிள்ளை வளர்ப்பையும் ஒரே தெய்வத்தின் கையில் கொடுத்த இந்தக் கற்பனை பின்னால் வந்த எல்லோரையும் பிடித்துக்கொண்டது.

கி.மு. 421-இல், ஏதென்ஸும் ஸ்பார்ட்டாவும் பத்து ஆண்டுகள் போரிட்டுக் களைத்திருந்த வேளையில், நகைச்சுவை நாடகாசிரியர் அரிஸ்டோபனிஸ் இந்தத் தேவியின் பெயரிலேயே ஒரு நாடகத்தை மேடையேற்றினார். போர் என்ற அரக்கன் அவளை ஆழமான குகைக்குள் தள்ளிக் கற்களைக் குவித்து மூடிவிட்டான். திராட்சைத் தோட்டக்காரர் ஒருவர் சாணி வண்டின் மேலேறி வானுலகம் போய் இதைக் கண்டுபிடிக்கிறார். எல்லா நாட்டவரும் கயிறு கட்டி இழுத்தும் அவள் அசையவில்லை. கடைசியில் உழவர்கள் மட்டும் சேர்ந்து இழுத்து அவளை வெளியே கொண்டுவருகிறார்கள். அவளோடு அறுவடையும் திருவிழாவும் இரண்டு பெண்களாக வெளிவருகிறார்கள். நான் அடிக்கடி நினைத்துக்கொள்வது அதற்கு அடுத்து வரும் காட்சியை. மேடையில் அவளுக்குப் பேச்சே கிடையாது. அவள் வாயருகே கடவுளரின் தூதர் ஹெர்மிஸ் காதை வைத்துக் கேட்டு, கேட்டதை மக்களுக்குச் சொல்கிறார்: ஏதென்ஸ் ஸ்பார்ட்டாவை வென்ற பைலாஸ் போருக்குப் பிறகு ஒரு பெட்டி நிறைய உடன்படிக்கைகளோடு தானாகவே தேடி வந்தாளாம், சபையில் மூன்று முறை கைதூக்கி வேண்டாம் என்று துரத்தினார்களாம், அந்தக் கோபத்தில்தான் ஊராரோடு பேச மறுக்கிறாளாம். நாடகத்துக்கு இரண்டாம் பரிசு கிடைத்தது. அது அரங்கேறிய சில நாட்களிலேயே ஐம்பது ஆண்டுகளுக்கென்று இரு தரப்பும் சமாதானம் செய்துகொண்டன. சில ஆண்டுகளில் அது முறிந்தும் போயிற்று.

ஏதென்ஸ் நகரமே தோற்று எழுந்த பின்புதான், கி.மு. 375 அளவில், ஆண்டுதோறும் அவளுக்குப் பலி கொடுக்கும் வழிபாட்டை ஏற்படுத்தினார்கள். சந்தை வெளியில் கெஃபிசொடோட்டஸ் என்ற சிற்பி வார்த்த வெண்கலச் சிலையையும் நிறுத்தினார்கள். மூலச்சிலை அழிந்துவிட்டது. ரோமானியர் காலத்துப் பளிங்குப் படி ஒன்று ஜெர்மனியில் மியூனிக் நகரத்துக் கிளிப்டோதெக் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கனத்த ஆடை நேர்மடிப்புகளாக நிலம் வரை விழ, ஆளுயரத்துக்கும் மேலாக அவள் நிற்கிறாள். செங்கோல் பிடித்த வலக்கை இப்போது இல்லை. இடக்கையில் ஒரு குழந்தை. அவன் பெயர் புளூட்டஸ், அதாவது செல்வம். அவன் அவள் முகத்தை நோக்கிக் கையை நீட்டுகிறான். அவள் தலையைச் சாய்த்து அவனைப் பார்க்கிறாள். வெற்றிக்கு ஆயிரம் சிலை வைத்தவர்கள் அமைதிக்கு வைத்த இந்த ஒன்றில் வாளும் இல்லை, மிதிபடும் பகைவனும் இல்லை. சிலையை வெகுகாலம் வேறொரு தேவியாகவே கருதிவந்தார்கள். ஏதென்ஸின் பழைய நாணயங்களில் இதே உருவம் இருப்பதைக் கொண்டு 19-ஆம் நூற்றாண்டில்தான் இவள் யாரென்று உறுதிப்படுத்தினார்கள்.

தேவியின் பெயரை மனிதப் பெண்களுக்கு வைக்கும் வழக்கமும் பழையதே. அலெக்சாந்தரின் தளபதியாக இருந்து எகிப்தின் அரசரான முதலாம் தாலமிக்கும் தாயிஸுக்கும் பிறந்த மகள் இந்தப் பெயரினள். சைப்ரஸில் ஒரு சிற்றரசருக்கு மனைவியானாள். தந்தையிடம் ஓவியம் கற்ற இரினி என்ற பெண் ஓவியரை ரோமானிய எழுத்தாளர் பிளினி குறிப்பிடுகிறார். எலூசிஸ் நகரில் ஒரு சிறுமியின் படத்தை அவர் தீட்டினாராம்.

இவர்களைக் காட்டிலும் எனக்கு நெருக்கமானவர், அரச குலத்திலோ புகழ்பெற்றோர் பட்டியலிலோ இல்லாத ஒரு பெண்மணி. எகிப்தின் ஆக்ஸிரிங்கஸ் நகரத்துக் குப்பைமேடுகளை 1896-ஆம் ஆண்டின் இறுதியில் கிரென்ஃபெல், ஹன்ட் என்ற இரு ஆங்கில அறிஞர்கள் தோண்டத் தொடங்கியபோது பல்லாயிரம் பப்பிரஸ் (நாணல் தாள்) துண்டுகள் கிடைத்தன. அவற்றில் கி.பி. 2-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஒரு சிறு கடிதம், துக்கம் நேர்ந்த வீட்டுக்கு ஐரீன் என்ற பெண் எழுதியது. தாவொன்னோஃப்ரிஸ், ஃபிலோன் என்ற இருவருக்கு அவர் எழுதுகிறார். கிரேக்கக் கடிதங்கள் எல்லாம் ‘மகிழ்க’ என்ற வணக்கத்தோடு தொடங்கும். சாவு வீட்டுக்கு அந்தச் சொல்லை எழுத அவருக்கு மனம் வரவில்லை; ‘மனத்தைத் தேற்றிக்கொள்க’ என்று மாற்றித் தொடங்குகிறார். திதிமாஸுக்காக அழுதது போலவே போய்விட்ட அந்த நல்லவருக்காகவும் வருந்தி அழுதேன் என்கிறார். செய்யவேண்டிய முறைகளை எல்லாம் தானும் தன் வீட்டாரும் செய்துவிட்டதாகச் சொல்லி, வீட்டார் ஐவரின் பெயர்களையும் விடாமல் எழுதுகிறார். பிறகு ஒரு வரி: ‘ஆனாலும் இப்படிப்பட்டவற்றின் முன் யாராலும் ஒன்றும் செய்ய இயலாது. ஆகவே ஒருவரை ஒருவர் ஆறுதல்படுத்திக்கொள்ளுங்கள்.’ அவ்வளவுதான் கடிதம். அதே இருவருக்கு அதே ஐரீன் எழுதிய இன்னொரு கடிதமும் கிடைத்திருக்கிறது. அது கொடுக்கல் வாங்கல் பற்றியது, கூடவே திராட்சையும் பேரீச்சையும் அனுப்பியிருப்பதாகச் சொல்வது. துக்கம் கேட்கவும் பழம் கொடுத்தனுப்பவும் தெரிந்த இந்தப் பெண்மணிக்கு, அரசியர் பலரைவிட அவருடைய பெயர் நன்றாகப் பொருந்தியதாகவே நான் நினைக்கிறேன்.

இந்தப் பெயர் கிரேக்க நாட்டைத் தாண்டிப் பரவியதற்குப் பெரிய காரணம் விவிலியம். கி.மு. 3-ஆம் நூற்றாண்டு தொடங்கி யூதர்களின் வேதம் கிரேக்கத்தில் பெயர்க்கப்பட்டபோது, ‘ஷாலோம்’ என்ற எபிரேயச் சொல் வந்த இடங்களில் மிகப்பெரும்பாலும் ஏரேனே என்றே எழுதினார்கள். ஷாலோம் என்பதில் நலம், குறைவின்மை, உறவில் பிணக்கின்மை எல்லாம் அடங்கும். அந்த அகலம் முழுவதும் கிரேக்கச் சொல்லுக்குள் புகுந்தது. போர்க்களத்திலிருந்து வந்த உரியாவிடம் தாவீது ராஜா போர் எப்படி நடக்கிறது என்று நலம் விசாரிக்கும் இடத்தில், ‘போரின் சமாதானத்தைக்’ கேட்டதாகவே அந்த மொழிபெயர்ப்பில் இருக்கிறது. வெறும் கிரேக்கம் மட்டும் அறிந்தவர் அதைப் படித்துத் திகைத்திருப்பார். ‘உங்களுக்குக் கிருபையும் சமாதானமும் உண்டாவதாக’ என்று பவுலின் நிருபங்களில் நாம் படிக்கும் வாழ்த்தில் உள்ள சமாதானமும் இதே சொல்தான். ரோம் நகரத்து யூதக் கல்லறைகளில் ‘அமைதியில் இவர் துயில்’ என்று பொறித்தவர்கள் பயன்படுத்தியதும் இதைத்தான். இப்படி ஆன பின்பு, பழைய தேவியின் பெயர் என்ற நெருடல் இல்லாமல் கிறிஸ்தவர்கள் அதைத் தம் பெண்களுக்கு வைத்தார்கள்.

304-ஆம் ஆண்டில் தெசலோனிக்கா நகரில் அகாப்பே, கியோனியா, இரினி என்ற மூன்று சகோதரிகள் கொல்லப்பட்டார்கள். அன்பு, பனி, அமைதி என்பன அப்பெயர்களின் பொருள். வேத நூல்களை ஒப்படைக்கவேண்டும் என்ற பேரரசர் தியோக்ளீஷியனின் ஆணையை மீறி, இளையவளான இரினி ஏடுகளை ஒளித்துவைத்திருந்தாள் என்பது அவள்மேல் சாட்டப்பட்ட குற்றம். சுற்றுலாப் படங்களில் நாம் காணும் சாண்டோரினித் தீவின் பெயர்கூடப் புனித இரினி என்பதுதான். இத்தாலியக் கடலோடிகளின் வாயில் ‘சாந்தா இரினி’ அப்படித் தேய்ந்தது. ஆனால் கான்ஸ்டான்டினோபிளில் (இன்றைய இஸ்தான்புல்) உள்ள ஹாகியா இரினி ஆலயம் எந்தப் புனிதையின் பெயரிலும் எழுந்ததன்று; தூய அமைதிக்கே அர்ப்பணித்தது. 532-இல் நீக்கா கலவரத்தில் எரிந்து, பேரரசர் ஜஸ்டினியன் காலத்தில் மீண்டும் எழுந்த கட்டடம் அது. நகரம் துருக்கியர் வசமான பின் அரண்மனைச் சுற்றுச்சுவருக்குள் அடைபட்டு, நெடுங்காலம் ஆயுதக் கிடங்காக இருந்தது.

பைசாந்தியப் பேரரசின் தலைநகராயிருந்த அந்த நகரத்தின் அரண்மனையில்தான் இந்தப் பெயர் ஒரு தனி வேலைக்கு வந்தது. அந்நிய நாட்டிலிருந்து அரசியல் உடன்படிக்கையாக மணமுடித்து வந்த இளவரசிகளுக்கு ஞானஸ்நானத்திலோ, மரபு மாறிச் சேரும்போதோ புதுப்பெயர் சூட்டுவார்கள். அப்படிச் சூட்டிய பெயர்களில் இரினி திரும்பத் திரும்ப வருகிறது. அரபுப் படைகளுக்கு எதிராகக் கசார்கள் என்ற துருக்கிய இனத்தாரின் துணை வேண்டியிருந்தபோது, 730-களின் தொடக்கத்தில் கசார் அரசரின் மகள் ஐந்தாம் கான்ஸ்டன்டைனுக்கு மனைவியாக வந்தாள். துருக்கிய மொழியில் பூ என்று பொருள்படும் சிச்செக் என்ற அவளுடைய பெயர் இரினி ஆயிற்று. அவள் உடுத்தி வந்த ஆடை மட்டும் அவளுடைய பழைய பெயரையே பெற்று அரண்மனை உடைகளில் ஒன்றாக நிலைத்தது. 1140-களில் ஜெர்மனியிலிருந்து மனுவேல் பேரரசருக்கு மனைவியாக வந்த பெர்த்தாவும் இரினி ஆனாள். அவளுக்குக் கிரேக்க மரபு விளங்கவேண்டும் என்று செட்செஸ் என்ற புலவர் ஹோமரின் கதையைச் செய்யுள் விளக்கமாக எழுதிக்கொடுத்தார். 1284-இல் இத்தாலியிலிருந்து வந்த யோலாந்தாவுக்கும் அதே பெயர். ஊர் மாறி, மொழி மாறி, வழிபாட்டு முறையும் மாறிய பெண், தன்னை அனுப்பியவர்களும் ஏற்றவர்களும் விரும்பிய சமாதானத்தையே தன் பெயராகவும் சுமக்கவேண்டியிருந்தது.

இவர்களில் ஹங்கேரியின் பிரோஷ்காவைப் பற்றி நின்று சொல்லவேண்டும். முதலாம் லாஸ்லோ மன்னரின் மகள். தாய் தந்தையை இழந்த பிறகு, 1104 அளவில், பின்னாளில் பேரரசரான இரண்டாம் ஜானுக்கு மணமுடித்து அனுப்பினார்கள். இரினி என்ற பெயர் கிடைத்தது. ஹாகியா சோபியாவின் தெற்கு மாடத்தில் அவளுடைய மொசைக் ஓவியம் இன்றும் இருக்கிறது: நடுவில் குழந்தையோடு மரியாள், ஒரு புறம் கணவர், மறுபுறம் இவள். செந்நிறம் கலந்த பொன்னிறக் கூந்தலை நீண்ட பின்னல்களாக விட்டிருக்கிறாள், கன்னங்களில் சிவப்பு, மணிகள் பதித்த கனத்த உடை, கையில் கட்டிய சுருள். சுற்றியிருந்த கிரேக்கப் பெண்களிலிருந்து வேறுபட்ட முகம் அது என்பதை ஓவியர் மறைக்கவில்லை. கணவரும் அவளும் நிறுவிய பாந்தொக்ராத்தோர் மடத்தில் ஐம்பது படுக்கைகள் கொண்ட மருத்துவமனை இருந்தது. அதில் பெண்களுக்கெனப் பன்னிரண்டு படுக்கைகளும் பெண் மருத்துவர் ஒருவரும் உண்டு என்று 1136-ஆம் ஆண்டின் சாசனம் சொல்கிறது. அந்தச் சாசனம் எழுதப்படும் முன்பே, 1134-இல், அவள் இறந்துபோனாள். இறுதிக் காலத்தில் துறவு பூண்டபோது அவள் ஏற்ற பெயர் க்ஸெனி. அதற்கு அந்நியள் என்று பொருள். துறவியர் தம்மை இவ்வுலகுக்கு அந்நியராகக் கருதுவது மரபு என்பதால் அரசகுலப் பெண்கள் பலர் இந்தப் பெயரை ஏற்றதுண்டு. ஆயினும் பிரோஷ்காவின் வாழ்க்கையோடு சேர்த்துப் படிக்கும்போது எனக்கு நெஞ்சு கனக்கிறது. பிறந்த வீட்டார் வைத்தது ஒன்று, புகுந்த வீட்டார் வைத்தது ஒன்று, துறவில் ஏற்றது ஒன்று என்று மூன்று பெயர்கள் அவளுக்கு.

எதிர்த்திசையிலும் இது நடந்தது. கான்ஸ்டான்டினோபிளில் பிறந்த இரினி என்ற இளவரசி, சிசிலியில் விதவையாகி, 1194-இல் படையெடுத்து வந்த ஜெர்மானியர் கையில் அகப்பட்டு, 1197-இல் ஸ்வாபியாவின் பிலிப்புக்கு மனைவியானாள். அங்கே அவளுடைய கிரேக்கப் பெயரை எடுத்துவிட்டு மரியா என்று அழைத்தார்கள். ‘முள்ளில்லா ரோஜா, பித்தமில்லாப் புறா’ என்று வால்ட்டர் என்ற கவிஞர் அவளைப் பாடினார். 1208 ஜூன் மாதத்தில் கணவர் கொலையுண்டார். ஆகஸ்டில் அவளும் பிள்ளைப்பேற்றில் இறந்தாள்.

இந்தப் பெயரைத் தாங்கியவர்களில் அதிகாரத்தின் உச்சிக்குப் போனவர் ஏதென்ஸில் பிறந்த பேரரசி இரினி. சிச்செக்கின் மகன் நான்காம் லியோவை 769-இல் மணந்தவர்; மாமியாரும் மருமகளும் ஒரே பெயரினர். கணவர் இறந்ததும் சிறுவனான மகனின் பெயரில் ஆண்டார். திருவுருவ வழிபாட்டை மீட்டுத் தந்த 787-ஆம் ஆண்டின் நைசியாச் சங்கத்தைக் கூட்டியதற்காகக் கிழக்குத் திருச்சபை அவரை நன்றியோடு நினைக்கிறது. 797-இல், அதே மகன் பிறந்த அரண்மனை அறையில் அவனுடைய கண்களைப் பறிக்கச் செய்து, தனியாட்சியை ஏற்றார். பதினேழு நாட்கள் சூரியன் ஒளி மங்கியது என்று தியோஃபானிஸ் என்ற வரலாற்றாசிரியர் எழுதுகிறார். ஒரு பெண் அமர்ந்த அரியணையைக் காலியென்றே கருதிய மேற்கு உலகம், 800-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளில் பிராங்க் அரசர் சார்லமேனைப் பேரரசராக முடிசூட்டிக்கொண்டது. 802-இல் இரினியைக் கவிழ்த்தார்கள். மறுஆண்டு லெஸ்போஸ் தீவில் இறந்தார். திருச்சபைக்கு அவர் செய்ததைக் காட்டி அந்த அறையில் நடந்ததை மெல்லக் கடந்துபோகும் வரலாறுகளை என்னால் ஏற்க முடியவில்லை.

ரஷ்யர்களிடம் இரீனா, ஹங்கேரியரிடம் இரேன், பிரெஞ்சுக்காரரிடம் இரென் என்று பெயர் பரவியது. மேரி கியூரியின் மூத்த மகளும், 1935-இல் வேதியியல் நோபல் பெற்றவருமான விஞ்ஞானிக்கும் இதே பெயர். ஆங்கிலேயர்களே முன்பு மூன்று அசையாக ‘ஐரீனி’ என்றார்கள். கடைசி அசையை விட்டுவிட்ட பிறகே அது நம்மிடம் ஐரீன் ஆயிற்று. வேண்டுதலாகப் பெயர் சூட்டும் வழக்கமும் 20-ஆம் நூற்றாண்டு வரை தொடர்ந்தது. 1939 ஆகஸ்ட் 5 அன்று நெதர்லாந்து அரச குடும்பத்தில் பிறந்த பெண்ணுக்கு, போர் வராதிருக்கவேண்டும் என்ற நம்பிக்கையில் இரேனே என்று பெயரிட்டார்கள். ஒரு மாதம் முடியுமுன் போர் வந்தது. 1941-இல், நாட்டை இழந்து இங்கிலாந்தில் கூடிய டச்சுப் படைப்பிரிவுக்கு அந்தக் குழந்தையின் பெயரையே வைத்தார்கள். 1944 ஆகஸ்டில் நார்மண்டியில் இறங்கிய டச்சுப் படை அதுதான்.

அதே போரின் நடுவில், 1942 மே மாதத்தில், அகதியாகிவிட்ட கிரேக்க அரச குடும்பத்துக்குத் தென்னாப்பிரிக்காவின் கேப்டவுனில் பிறந்த இளவரசியும் ஓர் இரினி. நம் ஊரோடு உண்மையான தொடர்புள்ளவர் அவர். தாயார் ஃபிரெடரிக்கா அரசி, மீண்டும் நாட்டைவிட்டு வெளியேற நேர்ந்த பிறகு, சென்னைப் பல்கலைக்கழகத்தின் டி.எம்.பி. மகாதேவனிடம் அத்வைதம் கற்கச் சென்னைக்கு வந்தார். காஞ்சிப் பெரியவரையும் தரிசித்தார். மகளும் தாயோடு அங்கே தங்கி வாழ்ந்தார். பியானோ இசை பயின்ற அவர், தாயின் மறைவுக்குப் பின், 1986-இல் ஸ்பெயினில் ஓர் அறக்கட்டளையை நிறுவினார். ‘இசைவில் உலகம்’ என்று அதற்குப் பெயரிட்டார்.